வெளியே போகும் ஓட்டை வழியாகத்தான் உள்ளேயும் வருகிறது

போன மாதம் ஒரு புதன்கிழமை, நள்ளிரவு தாண்டி இரண்டு மணி இருக்கும். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் ஒரு சந்தில் நாங்கள் ஏழு பேர் பேச்சு மூச்சில்லாமல் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் குழுவில் இருக்கும் புதுக்கோட்டைத் தம்பி வால்வுக் குழியின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, இரும்புக் கம்பியை வால்வுத் தண்டின் மேல் ஊன்றி, மேல்முனையில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். தூரத்தில் ஒரு டாக்சி போனது. அது போய் அடங்கும்வரை காத்திருந்தான். அப்புறம் என்னைப் பார்த்து, "அண்ணே, சீறுது" என்றான்.

பத்தொன்பது வருடமாக இதுதான் என் வேலை. மண்ணுக்குள் ஓடும் குடிநீர்க் குழாயில் எங்கே கசிகிறது என்று காதால் தேடுவது. கசிவு சின்னதாக இருந்தால் சத்தம் மெல்லிசாக, கூர்மையாக இருக்கும். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அந்த மாதிரி. பெரிய உடைப்பென்றால் கனத்த உறுமலாக வரும். கணினியில் பார்க்கிற கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன, எங்களிடமும் இருக்கின்றன, ஆனாலும் கம்பி பிடிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் எந்தக் குழுவும் இரவில் கிளம்புவதில்லை.

அன்றைக்கு எங்களோடு நின்ற நான்கு பேர் ஆப்பிரிக்காவிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த குடிநீர்ப் பொறியாளர்கள். ஜாம்பியா, உகாண்டா, கானா, கென்யா என்று நாட்டுக்கு ஒருவர். பகலெல்லாம் வகுப்பு, ஒரு இரவு மட்டும் களத்தில் நின்று பார்க்கட்டும் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். ஜாம்பியாவிலிருந்து வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தம்பியிடமிருந்து கம்பியை வாங்கிக் காதில் வைத்தார். ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் கம்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் குழாயில் ராத்திரி இரண்டு மணிக்கும் தண்ணீர் இருக்கிறது. எங்கள் ஊரில் பாதிப் பகுதிகளுக்கு அந்த நேரத்தில் வால்வை மூடிவிடுவோம். தண்ணீரே இல்லாத குழாயில் நான் எதைக் கேட்பது?"

எனக்குப் பதில் வரவில்லை. கசிவு தேடும் முறைகள் பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தை நம்பித்தான் இருக்கின்றன: குழாய் எப்போதும் நிறைந்திருக்கிறது, உள்ளே அழுத்தம் இருக்கிறது. ஊரெல்லாம் தூங்கும் நேரத்தில், அதாவது இரண்டிலிருந்து நான்கு மணிக்குள், ஒரு பகுதிக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளந்தால் அதில் பெரும்பங்கு கசிவுதான் என்று கணக்கிடுகிறோமே, அந்தக் கணக்கும் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வரும் ஊருக்குத்தான் செல்லும். அந்த அம்மா கேட்டதற்குப் பதில் தேடித் தேடி இந்த ஒரு மாதம் படித்ததையும், அந்த நால்வரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் அக்கா வீட்டுக் கதை. தமிழ்நாட்டில் அவள் இருக்கும் ஊரின் பெயர் வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வரும். வருகிற தண்ணீர் மெதுவாக வருகிறது என்று தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார்கள். ஒரு மழைக்காலத்தில் அக்கா மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அதே தெருவில் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கும் வந்தது. போய்க் கேட்டதற்கு, மேல்நிலைத் தொட்டியில் எடுத்த தண்ணீரைப் பரிசோதித்துவிட்டோம், சுத்தமாகத்தான் இருக்கிறது என்று தாளைக் காட்டினார்கள். தாளில் இருந்தது உண்மைதான். தொட்டியில் தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. தொட்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் குழாய் ஒரு சாக்கடைக்குள் நாற்பது அடி முங்கியபடி போனது, அதில் ஒரு இணைப்பு இற்றுப் போயிருந்தது.

குழாயில் அழுத்தம் இருக்கும்வரை அந்த இற்றுப்போன இடத்தில் தண்ணீர் வெளியேதான் பீச்சும். நஷ்டம்தான், ஆனாலும் ஆபத்தில்லை. வால்வை மூடியதும் மேட்டிலிருக்கும் தண்ணீர் பள்ளத்துக்கு வடியும், வடிய வடியக் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும், அது போதாதென்று ஆளாளுக்கு மோட்டார் வைத்து இழுப்பார்கள். அப்போது அதே ஓட்டை எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். சுற்றிலும் தேங்கி நிற்கும் எதுவாக இருந்தாலும் உள்ளே போகும். மறுநாள் தண்ணீர் திறந்துவிட்டதும் முதலில் வருவது அதுதான். நம் ஊரில் முதல் இரண்டு குடம் பிடித்துக் கொட்டிவிடு என்று பாட்டிமார் சொல்வது இதனால்தான்.

குடிநீரின் தரம் ஒரு துறை, தண்ணீர் இழப்பு இன்னொரு துறை என்று தனித்தனி அறையில் உட்கார்ந்து பேசுகிறார்களே, அது தப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டும் ஒரே ஓட்டைதான். கர்நாடகத்தில் ஹூப்ளி-தார்வாட் என்று இரட்டை நகரம், அங்கே சில பகுதிகளுக்கு மட்டும் 24 மணி நேரமும் தண்ணீர் வர ஏற்பாடு செய்திருந்தார்கள், மற்ற பகுதிகளுக்குப் பழையபடி விட்டுவிட்டு. சுத்திகரிப்பு நிலையம் இரண்டுக்கும் ஒன்றே. குழாயடியில் எடுத்த மாதிரிகளில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ. கோலை கிருமி, எப்போதும் தண்ணீர் வந்த பகுதியில் 0.7 சதவீதத்தில் இருந்தது, விட்டு விட்டு வந்த பகுதியில் 31.7 சதவீதத்தில் இருந்தது. 2013-இல் வெளியான ஆய்வு இது. இதைப் படித்தபோது எனக்கு அக்கா மகள் முகம்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் மதியம் அந்த நால்வரும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். டீ போடும் இடத்தில் நின்றிருந்தபோது ஜாம்பியா அம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். உள்ளே கண்ணாடிக் குப்பிகளும் மாத்திரை அட்டைகளும். குழாயைத் திறந்து ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்து, ஒன்றாம் எண் மாத்திரையை நசுக்கிப் போட்டுக் குலுக்கினார். தண்ணீரில் குளோரின் மீதம் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும், அதிகம் இருந்தால் நல்ல ரோஜா நிறம் வரும். நிறம் லேசாகத்தான் ஏறியது. அவர் முகம் மாறிவிட்டது. சிங்கப்பூர்த் தண்ணீரில் குளோரின் இல்லையா என்று என்னைப் பார்த்தார். இங்கே குழாய்களில் போடுவது மோனோகுளோரமின், அது வேறு வகை, மூன்றாம் எண் மாத்திரையையும் போடுங்கள் என்றேன். போட்டுச் சில விநாடியில் குப்பி சிவந்தது. அந்த அம்மா அப்படியே குப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கே போனாலும் முதலில் இதைத்தான் செய்வாராம், கல்யாண வீட்டுக்குப் போனாலும்.

குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மீதமிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அக்டோபர் வெயிலில் தன் ஊரின் கடைசித் தெருவில் பிடித்தால் சில நாள் நிறமே வராது என்றார் அவர். வெயிலில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும், பழைய குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் அழுக்கும் அதைத் தின்னும். இவை போக, கசிவு வழியே உள்ளே நுழைகிற அழுக்கும் தின்னும். அதனால் ஒரு தெருவில் மட்டும் குளோரின் திடீரென்று இறங்கினால் மருந்தைக் கூட்டிப் போடுவதற்கு முன்னால் அந்தத் தெருவில் குழாயைத் தேடு என்று தன் ஆட்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். எனக்கு அது பெரிய பாடம். நாங்கள் சத்தத்தை வைத்துத் தேடுகிறோம், அவர் நிறத்தை வைத்துத் தேடுகிறார். தண்ணீர் வராத இரவில் சத்தம் கேட்காது, ஆனால் மறுநாள் காலையில் குப்பியில் நிறம் குறைந்திருப்பது தெரியும். முந்தின இரவு கேட்ட கேள்விக்குப் பாதிப் பதிலை அவரே பையில் வைத்திருந்தார்.

ஜாம்பியாவில் 2023 அக்டோபரில் தொடங்கிய காலரா 2024 வரை நீடித்தது. 20,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 700 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். தலைநகர் லுசாக்காவில் கால்பந்து பார்க்கிற ஹீரோஸ் விளையாட்டரங்கத்தைச் சிகிச்சை முகாமாக மாற்ற வேண்டியிருந்தது, ஜனவரியில் பள்ளிக்கூடம் திறப்பதையே தள்ளிப்போட்டார்கள். லுசாக்கா சுண்ணாம்புப் பாறைமேல் இருக்கிற ஊர், பாறை விரிசல் வழியே அழுக்கு சீக்கிரம் நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். நெருக்கமான குடியிருப்புகளில் குழிக் கழிப்பறையும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில். ஊருக்குத் தேவையான தண்ணீரில் ஒரு பகுதி காஃபூவே ஆற்றிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரம் பம்பு வைத்து ஏற்றப்படுகிறது, மீதி ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து. 2024-இல் வறட்சியால் கரிபா அணையில் நீர் வற்றி மின்சாரம் மணிக்கணக்கில் போனது. பம்புக்குக் கரண்ட் இல்லை என்றால் குழாய் காலி, குழாய் காலியானால் மேலே சொன்ன கதை. காலராவுக்குக் காரணம் குழாய் மட்டும் என்று நான் சொல்லவில்லை, குழிக் கழிப்பறையும் கிணறும் அதில் பெரிய பங்கு. ஆனால் சுத்தம் பண்ணிய தண்ணீரே வழியில் கெட்டுப்போவதை நிறுத்தாமல் மற்றதெல்லாம் எவ்வளவு செய்தாலும் எட்டாது.

இழப்பு என்றால் மண்ணுக்குள் போவது மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் அனுப்பிய தண்ணீரில் காசு வராத பகுதி மொத்தமும் இந்தக் கணக்கில் வரும். கசிந்து போவது ஒன்று, மீட்டர் தேய்ந்து குறைத்துக் காட்டுவது, மீட்டருக்கு முன்னாலேயே குழாய் போட்டு எடுப்பது, பேரேட்டிலேயே இல்லாத வீடு என்று இன்னொரு பக்கம். உலகம் முழுவதும் இப்படிப் போவது ஆண்டுக்கு 12,600 கோடி கன மீட்டர், மதிப்பு சுமார் 3,900 கோடி அமெரிக்க டாலர் என்று 2019-இல் ஒரு மதிப்பீடு வந்தது. தென்னாப்பிரிக்கா தன் கணக்கைத் தானே ஒளிக்காமல் போடுகிறது, அதை நான் மதிக்கிறேன். 2023 டிசம்பரில் அந்த அரசு வெளியிட்ட அறிக்கைகளில் காசு வராத தண்ணீர் 47.4 சதவீதம் என்று இருந்தது, கிருமி விஷயத்தில் தேறாத குடிநீர் அமைப்புகள் 46 சதவீதம் என்றும் இருந்தது. இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது தற்செயலாக இருக்கலாம், அதில் சுத்திகரிப்பு நிலையத்திலேயே நடக்கும் தவறுகளும் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் பராமரிப்பை விட்ட ஊரில் இரண்டும் சேர்ந்துதான் கெடும்.

அதே தென்னாப்பிரிக்காவில்தான் நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலையும் நடந்தது. கேப் டவுனுக்குப் பக்கத்தில் கயேலித்ஷா என்று பெரிய குடியிருப்பு, நாலரை லட்சம் பேர் அளவுக்கு அப்போது இருந்தார்கள். நள்ளிரவில் ஊருக்குள் போகும் தண்ணீரை அளந்து பார்த்தால் கட்டுக்கடங்காமல் இருந்தது. எல்லாரும் தூங்கும்போது யார் இவ்வளவு எடுக்கிறார்கள்? தெருக் குழாயில் பெரிய உடைப்பு இல்லை. தண்ணீர் வீட்டுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது, கழிப்பறைத் தொட்டியின் மிதவை பழுதாகி, மலிவுக் குழாய்களின் வாஷர் தேய்ந்து, ராத்திரி முழுக்க ஒழுகி நேராகக் கழிவுநீர்க் குழாய்க்குள். அந்த வீடுகளில் போட்டிருந்த சாமான் தாங்குகிற அழுத்தம் வேறு, மெயின் குழாயில் வந்த அழுத்தம் வேறு. வீட்டுக்கு வீடு போய் மாற்ற ஆகும் செலவும் நாளும் நினைத்தே பார்க்க முடியாது. அவர்கள் செய்தது, ஊருக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் அழுத்தம் குறைக்கும் வால்வுகளைப் பொருத்தி, யாருக்கும் அதிகம் தேவைப்படாத ராத்திரி நேரத்தில் அழுத்தத்தை இன்னும் இறக்கினார்கள். மூடவில்லை, இறக்கினார்கள். 2001-இல் வேலைக்கு வந்தது, ஆண்டுக்குச் சுமார் 900 கோடி லிட்டர் மிச்சமானது, மொத்தப் பயன்பாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு.

இந்த "மூடவில்லை, இறக்கினார்கள்" என்பதைத்தான் நான் அந்த அம்மாவுக்கு மறுபடி மறுபடி சொன்னேன். தண்ணீர் பற்றாக்குறை என்றதும் எல்லா ஊரிலும் கை முதலில் வால்வுச் சாவிக்குத்தான் போகிறது, மூடித் திறப்பதால் குழாய்க்குள் ஒரு அடி விழுகிறது, அதில் புதிய உடைப்பு வருகிறது, உடைப்பு வந்ததும் இன்னும் நேரத்தைக் குறைக்கிறார்கள். ஒரே ஒரு சின்னப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, எல்லை வால்வுகளை அடைத்து, நுழையுமிடத்தில் ஒரு மீட்டர் வைத்து, குறைந்த அழுத்தத்திலாவது அங்கே 24 மணி நேரமும் தண்ணீரை நிறுத்திவைத்தால், முதன்முறையாக அந்தப் பகுதியில் ராத்திரியில் கம்பி வைத்துக் கேட்கலாம். அங்கே மிச்சமாகும் தண்ணீரைக் கொண்டு அடுத்த பகுதி. ஊர் முழுக்க ஒரே நாளில் மாற்றப் பார்த்தால் எங்கேயும் நடக்காது.

உகாண்டாக்காரர் கொஞ்சம் பேச்சு குறைவு, ஆனால் தன் நாட்டுக் கதையைச் சொல்லும்போது மட்டும் எழுந்து நின்றுதான் சொன்னார். அங்கே தேசியக் குடிநீர்க் கழகம் 1998-இல் மூழ்கும் நிலையில் இருந்தது, அனுப்பிய தண்ணீரில் பாதிக்கு மேல் காசாகவில்லை, ஆயிரம் இணைப்புக்கு 36 ஊழியர்கள். வில்லியம் முஹைர்வே தலைவராக வந்து 1999-இல் நூறு நாள் திட்டம் என்று தொடங்கினார். புதிய கருவி எதையும் வாங்கித் தொடங்கவில்லை. திருட்டு இணைப்பு வைத்திருப்பவர்கள் தாமாக வந்து சொன்னால் மன்னிப்பு, துண்டித்த இணைப்பைத் திரும்பக் கொடுக்கும் கட்டணம் குறைப்பு, ஒவ்வொரு ஊர் அலுவலகத்துக்கும் தனி இலக்கு, இலக்கை எட்டினால் ஊழியருக்கு ஊக்கத்தொகை. பத்து வருடத்தில் ஆயிரம் இணைப்புக்கு ஊழியர் 7 ஆனது, இழப்பு மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இறங்கியது. கம்பாலாவில் இன்றைக்கும் இழப்பு அதிகம்தான், அதையும் அவரே சொன்னார். ஆனால் மீட்டர் படிக்கிற ஆளை மரியாதையாக நடத்தினால் அவன் கண்ணில் படும் திருட்டுக் குழாயை அவனே வந்து சொல்வான் என்று அவர் சொன்னதை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

கென்யாவில் கிசுமு என்று விக்டோரியா ஏரிக்கரை ஊர். அங்கே குடிசைப் பகுதிகளில் மெயின் குழாயிலிருந்து நூறு இருநூறு மீட்டருக்கு மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை ஆளுக்கொன்றாக இழுத்துக்கொண்டு போவார்கள், இடியாப்பம் மாதிரி பின்னிக்கொண்டு, பாதி சாக்கடை வழியாக. மேலே சொன்ன நாற்பது அடியை நினைத்துக்கொள்ளுங்கள், அது மாதிரி ஆயிரம். கிசுமுவில் கண்ட வழி, அந்தப் பகுதி வாசலில் ஒரு பெரிய மீட்டர் வைத்து, உள்ளூர்க் குழு ஒன்றுக்கு மொத்தமாகத் தண்ணீரை விற்றுவிடுவது. உள்ளே வீடுகளுக்குக் கொடுப்பதும் காசு வாங்குவதும் அந்தக் குழு பாடு. வீட்டு மீட்டர்களை ஒரே இடத்தில் வரிசையாக வைத்துவிடுவார்கள். உள்ளே ஓட்டை இருந்தால் நஷ்டம் குழுவுக்கு, அதனால் அவர்களே காவல்.

கானாக்காரர் பிரச்சினை இன்னும் மேலே, ஆற்றிலேயே. பிரா ஆற்றுப் பக்கம் அனுமதியில்லாமல் தங்கம் தோண்டுகிறார்கள், கலாம்சே என்று பெயர். 2024 ஆகஸ்டில் கேப் கோஸ்டுக்குத் தண்ணீர் கொடுக்கும் சேச்செரே ஹேமாங் நிலையத்தில் கலங்கல் 14,000 அலகு. நிலையம் கட்டியதே 2,000 அலகுக்குத்தான். கிருமி நீக்கும் முன் கலங்கல் 1 அலகுக்குக் கீழே வர வேண்டும் என்றால் எவ்வளவு படிகாரம் கொட்ட வேண்டும், யோசித்துப் பாருங்கள். அவ்வளவு பாடுபட்டுத் தெளியவைத்த தண்ணீரில் ஒரு பங்கு வழியிலேயே மண்ணுக்குள் போனால் வயிறு எரியாதா?

இங்கே நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம் என்று அவர்களிடம் சொன்னபோது நம்பவில்லை. 1963 ஏப்ரலிலிருந்து மறு வருடம் பிப்ரவரி வரை சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு இருந்தது, என் மாமியாரின் அம்மா பொதுக் குழாயடியில் வாளியோடு நின்ற கதையை வீட்டில் இன்றும் சொல்வார்கள். 1980களின் கடைசியில் நம் இழப்பு பத்து சதவீதத்துக்குப் பக்கம். அதை ஐந்து சதவீத அளவுக்குக் கொண்டுவந்தது மந்திரத்தால் நடந்ததில்லை. உள்பூச்சு இல்லாத பழைய இரும்புக் குழாய்களைத் தேடித் தேடி மாற்றினார்கள், வீட்டு இணைப்புகளில் துருப்பிடிக்கும் குழாய்க்குப் பதிலாகச் செம்பும் எஃகும் போட்டார்கள், எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார்கள். தண்ணீர் திருடினால் 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் அல்லது மூன்று வருடம் சிறை. கன மீட்டருக்கு 3.24 வெள்ளி கொடுக்கிறோமே, விலை ஏறியபோது கோப்பிக் கடையில் எல்லாரும் புலம்பினோம், நானும்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு குழுவை அனுப்பிச் சின்னக் கசிவையும் தேடவைக்கிற காசு அதிலிருந்துதான் வருகிறது.

அதே சமயம் நாம்தான் எல்லாவற்றிலும் முதல் என்று நினைக்கவும் கூடாது. கழிவுநீரைச் சுத்தம் பண்ணிக் குடிநீராக்குவதில் சிங்கப்பூரின் நியூவாட்டர் வந்தது 2003. நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக் அதை 1968-லேயே செய்துவிட்டது, நேராகக் குடிநீர்க் குழாய்க்கே. இதை எங்கள் தம்பிகளிடம் சொன்னேன், ஒருவன் போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான்.

எனக்குக் கோபம் வருவது ஒரு இடத்தில்தான். அந்த அம்மா சொன்னார், சில வருடத்துக்கு முன்னால் ஒரு உதவித் திட்டத்தில் விலை உயர்ந்த கசிவு தேடும் கருவிகள் மூன்று பெட்டி வந்து இறங்கினவாம். இரண்டு நாள் பயிற்சி. ஆறு மாதத்தில் ஒன்றின் மின்கலம் போனது, அந்த நாட்டில் மாற்று கிடைக்கவில்லை. அதைவிட முக்கியம், அந்தக் கருவி வேலை செய்ய இரண்டு வால்வுக்கு நடுவில் குழாயின் நீளமும் எந்த வகைக் குழாய் என்பதும் தெரிய வேண்டும், அவர்கள் ஊரில் குழாய் எங்கே போகிறது என்பதே ஓய்வு பெறப்போகும் ஒரு பெரியவருக்கு மட்டும்தான் தெரியும். போதாக்குறைக்குப் பாதிக் குழாய் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் சத்தம் தூரம் போகாது. யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள் என்பதை விடுங்கள். கருவி விற்க வருகிறவர்கள் அந்தப் பெரியவரோடு ஒரு மாதம் நடந்து, ஒரு ஆளை வைத்து வரைபடம் வரைந்து கொடுத்திருந்தால் அந்த மூன்று பெட்டியைவிடப் பத்து மடங்கு உபயோகமாக இருந்திருக்கும். அவர் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறதாம். நான் சொன்னேன், ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அவரையும் ஒரு இளைஞனையும் ஒரு போனையும் சேர்த்து அனுப்புங்கள், ஒவ்வொரு வால்வுக்கும் மேலே நின்று இடத்தைப் பதிவு பண்ணட்டும். போன் போதும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நால்வரையும் தேக்காவுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனோம். உட்கார்ந்ததும் தண்ணீர் வந்தது. அந்த அம்மா மாத்திரையை எடுக்கவில்லை, மடமடவென்று குடித்தார். புதுக்கோட்டைத் தம்பி இதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அண்ணே, எங்க ஊர்லயும் இப்படிக் குழாயத் தொறந்து அப்படியே குடிக்கிற நாள் வருமா?" என்று தமிழில் கேட்டான். அவன் என்ன கேட்டான் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார், சொன்னேன். என் ஊரிலும் என் பையன் இதைத்தான் கேட்கிறான் என்றார்.

போன வாரம் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி. பெரியவரும் பையனும் 61 வால்வு கண்டுபிடித்துவிட்டார்கள், அதில் 9 வால்வு தார் ரோட்டுக்கு அடியில் புதைந்து கிடந்ததாம். ஒரு சின்னப் பகுதியைப் பிரித்து ராத்திரியிலும் தண்ணீர் நிறுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் அவருடைய ஆட்கள் இதுவரை கசிவுச் சத்தத்தையே கேட்டதில்லை, எது கசிவு, எது மீட்டர் ஓடும் சத்தம், எது டிரான்ஸ்பார்மர் இரைச்சல் என்று தெரியவில்லை, பதிவு பண்ணி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். தம்பி மண்மேல் வைக்கும் மைக்கின் ஹெட்போனுக்குப் பக்கத்தில் போனை வைத்து மூன்று இரவில் பதினான்கு சத்தம் பதிவு பண்ணினான், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அது என்ன என்று அவனே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறான். அனுப்பினோம். அலுவலக முற்றத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாராம். பிளாஸ்டிக் குழாய்ச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை, அது மட்டும் இன்னும் நீளமாக வேண்டும் என்று நேற்று எழுதியிருக்கிறார். இன்றைக்கு ராத்திரி ஜூரோங் பக்கம் வேலை, அங்கே ஒரு தொழிற்கூடத்துக்குள் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது, ஒரு மணிக்குக் கிளம்புகிறோம்.